நிலாமுகமும் முகநிலாவும்

புதிதாகத் தமிழ் படிப்பிக்க நியமனம் பெற்ற தங்கச்சி ஒருத்தி போன கிழமை அளவெட்டியில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். தரம் எட்டு தந்திருக்கிறார்களாம். எதில் தொடங்கப் போகிறாய் என்று கேட்டேன். உவமையும் உருவகமும், அதுதான் லேசு, இரண்டு பாடவேளையில் முடித்துவிடலாம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். இதை வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஆசிரியர் கைந்நூலைப் பாருங்கள், அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்களாகின்றன. கையில் வெண்கட்டித் தூசு இல்லாமல் பத்து மணியாவது இன்னும் பழகவில்லை. இடைவேளை மணி எந்தப் பள்ளிக்கூடத்தில் அடித்தாலும் எழும்பி நிற்கிறேன். வீட்டில் இருக்கிறவர் பகிடி பண்ணுகிறார். பண்ணட்டும். அந்த வகுப்பறைச் சத்தம் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது, அதை மறைத்து என்ன வரப்போகிறது.

என் வகுப்புகளில் உவமை தொடங்கும் முதல்நாள் ஒரு தந்திரம் செய்வேன். இது இலக்கணம் அல்ல, யாரும் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே கிடைத்த சொத்து ஒன்று இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் நிற்பவன் இவன். எங்கள் இருவருக்கும் எட்டத்தில் நிற்பவன் அவன். உனக்குப் பக்கத்தில் நிற்பவன் உவன். மற்ற ஊர்க்காரர் பலர் உவனைப் பழைய புத்தகத்தில்தான் கண்டிருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் உவனோடு தினமும் கிளித்தட்டு விளையாடுகிறார்கள். ஆகவே, உவமையும் உவனைப் போலத்தான், கேட்கிற ஆளுக்குப் பக்கத்தில் இருக்கிற பொருளாக இருக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். பனிமலையைக் காணாதவனுக்குப் பனிமலையை உவமை சொல்லி என்ன பிரயோசனம். உங்கள் பக்கத்தில் இருப்பதை எடுங்கள் என்பேன். பிள்ளைகள் யன்னலால் வெளியே பார்ப்பார்கள், மேசையைப் பார்ப்பார்கள், ஆளை ஆள் பார்ப்பார்கள். அப்படி ஆளை ஆள் பார்த்த இடத்தில்தான் என் கதையும் தொடங்குகிறது.

இன்னொரு தந்திரமும் இருந்தது. நிலா போன்ற முகம் என்பது உவமை. நடுவில் இருக்கிற 'போன்ற' என்பதுதான் உவம உருபு. அதை மறைத்து நிலாமுகம் என்று சொன்னாலும் உவமைதான். முகம் வேறு, நிலா வேறு, ஏதோ ஒரு விதத்தில் ஒத்திருக்கின்றன, அவ்வளவுதான். அதையே திருப்பி முகநிலா என்று போட்டுவிட்டால் முகமே நிலாவாகிவிடுகிறது. அது உருவகம். தமிழில் இதற்கு நீட்டி விளக்கம் சொல்லத் தேவையில்லை, இரண்டு சொற்களை இடம் மாற்றினால் போதும். ஆகவே ஒரு பிள்ளை எழும்பி உவமை ஒன்று சொல்ல, நான் "எடு, திருப்பு" என்று சத்தம் போடுவேன். வகுப்பு முழுவதும் உருபை எடுத்து, சொற்களைத் திருப்பி, ஒரே குரலில் உருவகத்தைச் சொல்லும். மலர் போன்ற பாதம் என்று ஒருத்தி சொன்னால், பாதமலர் என்று கூரை அதிரும். பக்கத்து வகுப்பில் கணக்குப் படிப்பிக்கும் சேர் சுவரில் தட்டுவார். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டம்கூட 'எடுதிருப்பு'தான். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கலவன் பாடசாலையில் இருந்தேன். என் எட்டாம் வகுப்பில் தனுசா என்று ஒரு பிள்ளை. தோட்டக்காரக் குடும்பம், வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர்கள். அவளுக்கு வலது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெள்ளையாக இருந்தது. நோகாத, தொற்றாத ஒன்று. சிறுவயதிலிருந்தே இருந்ததால் ஊரில் யாரும் அதைப் புதினமாகப் பார்ப்பதில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. கையை முதலில் உயர்த்துவாள், பேச்சுப் போட்டி என்றால் முன்வரிசையில் நிற்பாள், பிழையான விடையைக்கூடத் துணிந்து சொல்லுவாள். படிப்பிக்கிறவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

அதே வகுப்பில் நிரோஜன் என்று ஒருவன். கெட்டிக்காரன். ஆனால் மூளையில் ஒன்று தோன்றினால் அடுத்த கணம் அது வாயில் நிற்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவனுக்காகவே சொன்னது என்று அவனிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அன்று கரும்பலகையில் நிலாமுகம் என்று எழுதினேன். முகத்துக்கும் நிலாவுக்கும் இருக்கிற பொதுத்தன்மை என்ன என்று கேட்டேன். வட்டம் என்றது ஒரு பிள்ளை. வடிவு என்றது இன்னொன்று. குளிர்ச்சி என்று எங்கேயோ பாடமாக்கியதை ஒருவன் ஒப்புவித்தான். நிரோஜன் பக்கத்து வாங்கில் இருந்த தனுசாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு எழும்பினான்.

"ரீச்சர், எங்கடை வகுப்பிலை உண்மையான நிலாமுகம் ஒராளுக்குத்தான் இருக்கு. நிலாவிலையும் திட்டு, தனுசாவின்ரை முகத்திலையும் திட்டு. அதுதான் பொதுத்தன்மை."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிள்ளைகள் சிரிப்பது பெரும்பாலும் பொல்லாப்பினால் அல்ல, சட்டென்று பொருந்திவிட்டதே என்ற சந்தோசத்தில்தான். பொருந்தத்தான் செய்தது. அதுதான் வில்லங்கம். தனுசாவும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு கையால் கன்னத்தை மூடினாள்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவனைப் பிடித்து நாலு ஏச்சு ஏசினால், அவன் சொன்னது பெரிய பாவம் என்றாகிவிடும், அப்படியென்றால் அவள் கன்னத்தில் இருப்பது பெரிய குறை என்றும் ஆகிவிடும். அவளை ஆறுதல்படுத்தினால் வகுப்பு முழுவதும் அவள் கன்னத்தைத்தான் பார்க்கும். நான் ஒன்றும் கேட்காதது போல, "வட்டம் எண்டதே காணும், மிச்சம் வேண்டாம், அடுத்தது" என்று மலர்ப்பாதத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் இன்றைக்கு நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். நெருப்பில் ஊதக்கூடாது. அது தானாக அணையாமல் போனது வேறு கதை.

அடுத்தநாள் உருவகம் படிப்பித்தேன். நிலா என்ற சொல்லின் பக்கமே போகவில்லை. ஆனால் இடைவேளையில் தண்ணீர்ப் பைப்படியில் பொடியன்கள் தாங்களாகவே எடுத்துத் திருப்பிவிட்டார்கள். முகநிலா. இரண்டு நாளில் முகம் உதிர்ந்துபோய் நிலா மட்டும் மிஞ்சியது. "நிலா வருது", "நிலா, கொப்பியைத் தா" என்று அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. அந்தக் கிழமை முடிவதற்குள் அது ரியூசன் வகுப்புக்கும் போய்விட்டது. அங்கே வேறு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுக்கு உவமையும் தெரியாது, பொதுத்தன்மையும் தெரியாது, அவளுடைய பெயர் தனுசா என்பதும் தெரியாது.

இதிலிருந்த விசம் என்னவென்றால், நிலா நல்ல பெயர். கேட்கிற பெரியவர்களுக்கு அது கொஞ்சலாகத்தான் கேட்கும். தனுசாவின் தாய்க்கே முதலில் பெருமையாக இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் என் பிள்ளையை நிலா என்று கூப்பிடுகிறார்கள் என்று அயலில் சொல்லியிருக்கிறார். பிள்ளையோ பின்னலை வலது கன்னத்துக்கு முன்னால் விடத் தொடங்கினாள். வகுப்பில் கை உயர்த்துவதை விட்டாள். அடுத்த திங்கள் காலை சீருடை உடுக்கமாட்டேன் என்று படுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் தாய் விசயத்தைக் கேட்டறிந்திருக்கிறார்.

புதன்கிழமை தாய் அதிபரின் அறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை, அழவில்லை. வவுனியாவில் என் தங்கச்சி இருக்கிறா, பிள்ளையை அங்கே விட்டுப் படிப்பிக்கப் போகிறோம், விடுகைப் பத்திரம் தாருங்கள் என்று கேட்டார். விடுகைப் பத்திரம் என்பது ஒரு பிள்ளையை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அறுத்து விடுகிற கடதாசி. ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். வரும் செவ்வாய் வாருங்கள் என்று அதிபர் தவணை சொல்லி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். எங்கள் அதிபர் நல்ல மனிசன், தலை மட்டும் முழு மொட்டை. அவருக்கும் முதலில் விளங்கவில்லை. "நிலா எண்டு கூப்பிட்டதுக்கு ஏன் ரீச்சர் இவ்வளவு? அதென்ன தூசண வார்த்தையோ?" என்று கேட்டார். தூசணம் சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும் சேர், ஏசிவிட்டு முடித்திருக்கலாம் என்றேன்.

எனக்கு அந்த ஆறு நாளும் சோறு இறங்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, தாய் தகப்பனை விட்டு எங்கேயோ ஒரு வீட்டில் போய் இருக்கப்போகிறது. அங்கே போனாலும் அந்தக் கன்னத்தோடுதான் போகப்போகிறது. அங்கேயும் ஒரு நிரோஜன் இருப்பான். இந்த முறை ஓடினால் அவள் இனி வாழ்நாள் முழுவதும் ஓடுவாள் என்ற பயம் என்னைத் தின்றது.

நிரோஜனைத் தனியே கூப்பிட்டேன். பயந்துகொண்டுதான் வந்தான். ஏனடா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவன் கண் கலங்க நின்று, "நான் பொய் சொல்லேல்லையே ரீச்சர். பொதுத்தன்மை இருக்குத்தானே?" என்று கேட்டான்.

உங்களுக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். அப்போது வாய் திறக்க முன் யோசியுங்கள். பாடத்தின்படி பார்த்தால் அவன் சொன்னது சரி. வட்டம் என்று சொன்ன பிள்ளையை விட அவன் நன்றாகக் கவனித்திருக்கிறான். சரியான விடை சொன்னவனை எந்த முகத்தோடு ஏசுவது? போய் இரு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆசிரியர் ஓய்வறையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எப்போதும் சுவரில் தட்டுகிற கணக்குச் சேர் விடைத்தாளில் இருந்து தலையை எடுக்காமலே கதைத்தார். அவருக்குத் தமிழ்ப் பாடம் என்றாலே இளக்காரம். "உங்கடை உவமை அண்ணளவாக, கிட்டத்தட்டச் சமன், ரீச்சர். உருவகம் சமன். அண்ணளவு எண்ட அடையாளத்தை அழிச்சால் என்ன நடக்கும் எண்டு நாங்கள் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறனாங்கள். நீங்கள் அழிக்க மட்டும்தான் சொல்லிக் குடுக்கிறியள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் விடவில்லை, உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பின்னம் தெரியாது, அதைப் போய்ப் பாருங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் அந்த மனிசன் சொன்னதுதான் காதில் நின்றது.

சனிக்கிழமை தனுசாவின் வீட்டுக்கு, வேலிப் படலைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். தாய் கதிரை எடுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். குடிக்க ஏதும் வேணுமோ என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கேட்காமல் விடுவதென்றால் அதன் கருத்து உங்களுக்குத் தெரியும். நான் ஆயத்தப்படுத்திக் கொண்டுபோன ஆறுதல் வார்த்தைகளை எல்லாம் சொன்னேன். பிள்ளை கெட்டிக்காரி, இதெல்லாம் கொஞ்ச நாளில் மறந்துவிடும், பொடியன்களை நான் கவனிக்கிறேன் என்றெல்லாம். தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான் ஒருநாளும் அந்தத் திட்டைப் பற்றி மகளோடு கதைத்ததில்லை, அவளுக்கு அது குறை என்றே தெரியாமல் வளர்த்தேன், இப்போது தெரிந்துவிட்டது, இனி என்ன செய்ய என்று கேட்டார். கேட்கும்போது குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்தது, அடக்கவில்லை.

அப்போது அறை வாசல் சீலைக்குப் பின்னால் இருந்து தனுசா கதைத்தாள். வெளியே வரவில்லை.

"ரீச்சர், அந்தப் பாடம் முடிஞ்சுதோ?"

முடிந்துவிட்டது, இனி அதை நான் எடுக்கமாட்டேன், நீ பயப்படாமல் வரலாம் என்றேன். அதுதான் அவளுக்கு நிம்மதி தரும் என்று நினைத்தேன்.

"எனக்கு முடியேல்லை" என்றாள். "நான் இருக்கேக்கை அதைத் திரும்பப் படிப்பியுங்கோ. பிறகு போறதோ நிக்கிறதோ எண்டு நான் சொல்லுறன்."

தாய் வேண்டாம் என்றார். வாசலில் நின்ற தகப்பனும் வேண்டாம் என்று தலையாட்டினார். திங்கள் காலை அதிபரும், பாம்புப் புற்றுக்குள் திரும்பவும் கையை வைக்காதீர்கள் ரீச்சர் என்றார். எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள். இன்னொருமுறை அந்த வகுப்பு சிரித்தால் அதற்குப் பிறகு அவளை யாரும் கூட்டி வர முடியாது. ஆனால் ஒரு பிள்ளை தன் வாயால் ஒன்று கேட்டிருக்கிறது. ஒளித்துவைக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறது. நான் அவள் பக்கம் நின்றேன். கடைசியில் அதிபர், செவ்வாய் கடைசிப் பாடவேளையில் படிப்பியுங்கள், தாயையும் வரச்சொல்கிறேன், பத்திரத்தையும் எழுதி ஆயத்தமாக வைக்கிறேன், நடக்கிறது நடக்கட்டும் என்றார்.

செவ்வாய் தனுசா வந்தாள். பின்னலை இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டி முதுகுக்குப் பின்னால் விட்டிருந்தாள். கன்னம் முழுவதும் தெரிந்தது. நிரோஜன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே விறாந்தையில் அதிபரும் தாயும் நின்றதை யன்னலால் கண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள் நான், அன்றைக்குப் பாடத் தலைப்பை இரண்டு முறை அழித்து எழுதினேன்.

உவமையைத் திரும்பப் படிப்போம் என்றேன். இன்றைக்கு நிலாவுக்குத்தான் உவமை தேட வேண்டும், ஆட்களைத் தொடக்கூடாது என்று கட்டளை போட்டேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உவமை சொன்னால் ஆபத்து என்று அவர்களும் படித்திருந்தார்கள். எனக்கு அதுவும் கவலையாக இருந்தது. பிறகு ஒருவன் மெதுவாக, பாலப்பம் போல என்றான். இன்னொருத்தி, சுளகில் பரப்பிய அரிசிமா போல என்றாள். கோயில் சேமக்கலம் போல என்று ஒரு குரல். கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பு சூடேறி வந்தது. அந்தச் சூட்டில் முன்வாங்கில் இருந்த சின்னப் பெட்டை ஒன்று எழும்பி, நிலா எங்கடை அதிபரின்ரை தலை மாதிரி என்று சொல்லிப்போட்டது.

பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விறாந்தையில் அதிபர் தலையைத் தடவியதை நான் கண்டேன். ஆட்களைத் தொடக்கூடாது என்றெல்லோ சொன்னேன் என்று நான் அதட்டுவதற்குள் தனுசாவின் கை உயர்ந்தது.

"அதிபரைத் தொடலாமெண்டால், நிரோஜனையும் தொடலாமோ ரீச்சர்?"

எல்லோருடைய தலையும் அவள் பக்கம் திரும்பியது. பிறகு நிரோஜன் பக்கம் திரும்பியது. அவன் முகத்தில் இரத்தம் இல்லை. இல்லை என்று சொல்ல எனக்கு ஆயிரம் நியாயம் இருந்தது. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாது. அவனுடைய தகப்பன் குடிகாரன், அதைச் சொன்னால் என்ன செய்வது? ஆனால் அவன் பாடத்தில் சொன்னான், இவள் பாடத்தில் கேட்கிறாள். அவனுக்குக் கிடைத்த உரிமையை இவளுக்கு எப்படி மறுப்பேன்? சொல்லு என்றேன்.

அவள் எழும்பி நின்றாள். அவசரப்படவில்லை.

"நிரோஜன்ரை வாய் எங்கடை வீட்டுப் படலை மாதிரி. கொளுக்கி இல்லை. ஆடு மாடு எல்லாம் தன்ரை பாட்டிலை போய்வரும்."

வகுப்பு வெடித்தது. அப்படியொரு சிரிப்பை நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்டதில்லை. சுவருக்கு அப்பால் கணக்குச் சேர் தட்டினார், ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவு திறமான உவமை என்று பாருங்கள். வாயும் படலையும் திறப்பதும் மூடுவதும். பொதுத்தன்மை கொளுக்கி இல்லாமை. ஒவ்வொரு பிள்ளையும் தினமும் திறந்து மூடுகிற பொருள். நிரோஜன் காது வரை சிவந்துபோய்க் குனிந்திருந்தான். அந்தச் சந்தோசத்தில், இத்தனை வருடப் பழக்கத்தில், என்னை அறியாமலே அது என் வாயால் வந்துவிட்டது.

"எடு, திருப்பு."

முழு வகுப்பும் மூச்சை உள்ளே இழுத்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. உருபை எடுத்துத் திருப்பினால் வாய்ப்படலை. இடைவேளைக்குள் வாய் உதிர்ந்துபோய்ப் படலை மட்டும் மிஞ்சும். பின்னேரம் ரியூசனுக்குப் போய்விடும். எங்கள் பக்கத்தில் இப்படி வைத்த பட்டம் பேரப்பிள்ளை வரைக்கும் போன குடும்பங்கள் உண்டு. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

தனுசா இன்னும் வாங்கில் இருக்கவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"எடுக்க வேண்டாம் ரீச்சர்" என்றாள். "'மாதிரி' இருக்கட்டும். அதை எடுத்துப்போட்டால் பிறகு அவனாலை கழட்டேலாது."

இழுத்த மூச்சு வகுப்பில் அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொருவராக விட்டார்கள். ஒரு பிள்ளையும் திருப்பிச் சொல்லவில்லை. நிரோஜன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அவள் சொன்ன உவமையை 'மாதிரி'யோடு முழுதாக எழுதினேன். கண் மறைத்ததால் எழுத்து கோணலாகத்தான் வந்தது. அதன் பிறகு வந்த வகுப்புகளில் மனிதரைப் பற்றிய உவமைக்கு நான் "எடு, திருப்பு" சொன்னதில்லை. மலருக்குச் சொல்லுங்கள், மழைக்குச் சொல்லுங்கள், கடலுக்குச் சொல்லுங்கள். முன்னால் உயிரோடு இருக்கிற பிள்ளை என்றால் 'போல' என்ற சொல்லை அதன் பாட்டில் விடுங்கள். இதை எனக்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

நிலா என்ற பெயர் அன்றோடு ஒழிந்தது என்று சொன்னால் அது பொய். ரியூசனில் கொஞ்சக் காலம் இருந்தது. எங்கள் வகுப்பில் யாராவது வாய் தவறிச் சொன்னால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், சொன்னவர் தானாக அடங்குவார். ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு மணி அடித்தபோது என்ன முடிவாகப் போகிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தனுசா ஆற அமரக் கொப்பிகளை அடுக்கினாள். நான் அவளோடு விறாந்தைக்கு வந்தேன். அதிபர் எழுதிய விடுகைப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாய் மகளின் முகத்தைப் பார்த்தார். தனுசா குனிந்து தன் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தாள். ஒரு கிழமைக்கு மேல் மூலையில் கிடந்து செம்மண் ஏறி இருந்தது.

"அம்மா, சப்பாத்து சரியான ஊத்தை. இண்டைக்கே தோய்ச்சால்தான் நாளைக்குக் காயும்" என்றாள்.

தாயும் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். பிறகு அதிபரைப் பார்த்து, "அது கிடக்கட்டும் சேர்" என்று சொல்லிவிட்டு, மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.